வாசமில்லாத கிருமி

சென்ற மாதம் மூன்று பயிற்சி மருத்துவர்கள் என் வீட்டுக்கு வந்தார்கள். இரண்டு பையன்கள், ஒரு பெண். இளம் மருத்துவர்களுக்கு ஆராய்ச்சிப் படிப்பில், அதாவது பிஎச்டி படிப்பதில், ஆர்வம் இருக்கிறதா என்று அவர்கள் கல்லூரியில் விசாரித்துக்கொண்டிருக்கிறார்களாம். எம்.டி., பிஎச்டி இரண்டும் முடித்த மருத்துவர் திண்டுக்கல்லில் யார் என்று தேடி, ஓய்வுபெற்று வீட்டில் இருக்கும் என்னைப் பிடித்திருக்கிறார்கள். ஒரு நிமிடத்துக்கு மிகாமல் நான் ஊக்கமூட்டிப் பேச வேண்டும். அதைக் கைப்பேசியில் பதிவு செய்து அனுப்பிவிடுவார்கள்.

"ஆர்வம் எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டேன்.

"எல்லாருக்கும் இருக்கு மேடம். எப்பப் பண்ணப் போறீங்கன்னு கேட்டாத்தான் போனை எடுத்துக் காதுல வெச்சுக்கிறாங்க" என்றான் ஒரு பையன்.

எனக்கு ஆச்சரியமில்லை. இன்று எம்.டி. படிக்கும் எவரும் ஆய்வேடு எழுதியாக வேண்டும். பதவி உயர்வுக்குக் கட்டுரை வெளியிட்டாக வேண்டும். ஆராய்ச்சி முறைகளைப் பற்றி இணையத்தில் ஒரு பாடம் முடித்தாக வேண்டும். அந்தக் காணொளிகளை இரட்டை வேகத்தில் ஓடவிட்டுவிட்டுச் சாப்பிடப் போகிறார்கள் என்று கேள்வி. ஆய்வேடு பைண்டிங் செய்யும் கடைக்காரர் அட்டையின் நிறத்தோடு தலைப்பையும் எடுத்துக் கொடுக்கிறார். இவ்வளவு ஆராய்ச்சி நடக்கும் இடத்தில் யாரிடமும் ஒரு கேள்வி இல்லை என்பதுதான் விசேஷம்.

என்னிடம் ஒரு கேள்வி இருந்தது. அதைக் கொடுத்தவர் ஆராய்ச்சி என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிப்பவர். என்னைப் பிஎச்டிக்குப் போகவிடாமல் பிடித்து வைத்திருந்தவரும் அவரே. இதை ஒரு நிமிடத்தில் எப்படிச் சொல்வது? கைப்பேசியை அணைக்கச் சொல்லிவிட்டு, காபி போட்டுக் கொடுத்து, உட்காரவைத்துச் சொன்னேன்.

மதுரையில் எம்.பி.பி.எஸ்., பிறகு நுண்ணுயிரியலில் எம்.டி. என்று கழிந்த ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. படித்தேன், விடுதிச் சாம்பாரைச் சகித்துக்கொண்டேன், தேறினேன். சொந்த ஊரிலேயே ஒரு மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. துறைத் தலைவர் டாக்டர் வேலுச்சாமி. தொப்பம்பட்டிப் பக்கத்துக்காரர். வார்டு பையனிலிருந்து கண்காணிப்பாளர் வரை எல்லாரையும் 'ஏனுங்க' என்றுதான் கூப்பிடுவார். மரியாதை கூடக் கூட ஆபத்து நெருங்குகிறது என்று அர்த்தம்.

முதல் நாள் என் மதிப்பெண்களைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

"அப்பா என்ன பண்றாருங்க?"

"தோல் மண்டி வெச்சிருக்கார் சார்."

"அப்பச் சரிங்க. நாத்தத்துக்குப் பயந்து ஓட மாட்டீங்க. உக்காருங்க."

அவர் தொழில் மூக்கில் இருந்தது. நோயாளியின் சளி, சீழ், சிறுநீர் எதுவானாலும் அதிலுள்ள கிருமியைக் கண்ணாடித் தட்டில் வளர்ப்போம். பிளேட் என்போம். காலையில் பிளேட்டுகளை அடுக்கி வைத்ததும் டாக்டர் வேலுச்சாமி ஒவ்வொன்றாக எடுப்பார். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்பார். மூடியைக் கட்டைவிரலால் ஒரு பக்கம் மட்டும் தூக்குவார். கண்ணை மூடிக்கொண்டு மூக்கருகே கொண்டுபோவார்.

"பன்னீர் திராட்சைங்க. சூடோமோனாஸ். எழுதிக்கோங்க."

அடுத்தது. "இது அடுப்புல தீஞ்ச கருவாடுங்க. புரோட்டியஸ்."

அதன்பிறகு நாங்கள் விதிப்படி எல்லாச் சோதனைகளையும் செய்வோம். மறுநாள் பெரும்பாலும் அவர் சொன்னதே முடிவாக வரும். இதை அவர் கண்டுபிடித்ததாக நினைக்க வேண்டாம். அந்தக் காலத்தில் பல கூடங்களில் மூத்தவர்கள் இப்படித்தான் செய்தார்கள். அவர் அதை ஒரு சாஸ்திரமாக்கி வைத்திருந்தார், அவ்வளவுதான். கூடத்துக்குள் யாரும் பூ வைத்துக்கொண்டு வரக்கூடாது. நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை கூடை கூடையாக இறங்கும் பருவத்திலும் எங்கள் டெக்னீசியன் ஜெயராணி தலைப்பூவைக் கழற்றி வாசலில் ஒரு ஆணியில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே வருவார். எனக்கு அத்தர் தடை. ஈத் பெருநாளுக்கு மறுநாள்கூட வாசலில் நிறுத்தி, "வரோணுங்க டாக்டரம்மா, கையக் கழுவிட்டு வரோணுங்க" என்றார். இரண்டு முறை 'வரோணுங்க' வந்தால் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

இரண்டு ஆண்டுகள் கழித்து வடக்கே ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் எனக்குப் பிஎச்டி இடம் கிடைத்தது. நேர்முகத் தேர்வுக்கு விடுப்புப் போட்டுப் போய் வந்தது அவருக்குத் தெரியும். கிடைக்காது என்று நினைத்திருப்பார். கிடைத்ததும் விண்ணப்பத்தை முறையான வழியில் அவர் மேசையில் வைத்தேன். துறைத் தலைவர் பரிந்துரைத்துக் கையெழுத்திட்டால் கண்காணிப்பாளருக்குப் போகும். அவர் என்னைப் பணியிலிருந்து விடுவிப்பார். ஜூலை முதல் தேதிக்குள் நான் போய்ச் சேராவிட்டால் இடம் அடுத்தவருக்கு.

அவர் விண்ணப்பத்தைப் படித்தார், மடித்தார், மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்தார்.

"எதுக்குங்க பிஎச்டி? அதான் டாக்டராயிட்டீங்களே."

"ஆராய்ச்சி பண்ணலாம்னு சார்."

"எதப் பத்திங்க?"

நிறுவனத்தில் ஒரு தலைப்புக் கொடுப்பார்கள் என்றேன்.

"கேள்விய அவிங்க குடுப்பாங்க, பதில நீங்க சொல்லுவீங்க. அதுக்குப் பேரு பரீட்சைங்க. அதான் நெறைய எழுதீட்டீங்களே."

அதன்பின் எப்போது கேட்டாலும் "பரிசீலனையில இருக்குதுங்க" என்பார். விண்ணப்பம் மைக்ராஸ்கோப்புக்கு அடியில்தான் இருந்தது. தினமும் அதன் மேல் குனிந்துதான் நான் வேலை பார்த்தேன். மண்டியிலிருந்து வீட்டுக்கு வரும் அத்தாவிடம் சொன்னால், "விடும்மா சபுரா, அந்த மனுசன் ஒன்னை விட்டா வேற ஆளு இல்லாமத் தவிச்சுப் போவாரு" என்று அவருக்காகப் பேசுவார்.

அந்தக் கோடையில்தான் கருப்பையா வந்தார். அய்யலூர்ச் சந்தையில் ஆட்டுத் தரகர். மாதக்கணக்காகக் காய்ச்சல், இடுப்பு வலி, எடை பாதியாகிவிட்டது. வெளியே ஒருவர் காசநோய் என்று மாத்திரை கொடுத்திருக்கிறார். கொஞ்ச நாள் நன்றாக இருந்து, மறுபடி காய்ச்சல். திரும்ப அதே மாத்திரை, திரும்ப அதே கதை. மருந்து வேலை செய்ததால் நோய் காசநோய்தான் என்று எல்லாரும் நம்பிவிட்டார்கள். மருந்து வேலை செய்தது உண்மை. அந்த மாத்திரைகளில் ஒன்று வேறு சில கிருமிகளையும் பாதி அடிக்கும் என்பதை யாரும் நினைக்கவில்லை.

காய்ச்சல் ஏறும் நேரத்தில் ரத்தம் எடுத்தால்தான் கிருமி சிக்கும். அதனால் சாயங்காலம் நானே வார்டுக்குப் போனேன். கருப்பையாவின் மனைவி ராக்கம்மா கட்டிலோரம் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தார்.

"பொழுது சாஞ்சா காஞ்சு வருது டாக்டரம்மா. பொறவு ஊத்தி எடுக்கும் வேர்வை. நனைஞ்ச வைக்கப்போரு கணக்கா ஒரு வாடை. சட்டைய எத்தனை தடவை அலசுனாலும் போக மாட்டேங்குது."

"ஆட்டுலேருந்து வர்ற கிருமியா இருக்கலாம். பச்சைப் பால் குடிப்பீங்களா?" என்று கருப்பையாவிடம் கேட்டேன்.

"குடிக்காம? பால் ஆட்டைக் கையில குடுக்குறதுக்கு முன்னாடி மடியில பீச்சி நான் ஒரு வாய் குடிச்சுக் காட்டணும். அப்பத்தான் வாங்குறவன் நம்புவான். சந்தைக்குச் சந்தை அம்புட்டு ஆட்டுலயும் குடிச்சிருக்கேன்."

"நானும்தான் ஆட்டோடயே கெடக்கேன்" என்றார் ராக்கம்மா. "குட்டி போட்டா இந்தக் கையாலதான் இழுத்துப் போடுறேன். எனக்கு ஏன் வரல?"

"ஒனக்கு வந்தா அந்தக் கிருமியில்ல செத்துப் போகும்" என்றார் கருப்பையா. மெலிந்துபோய்க் கிடந்த மனிதர் சிரித்தபோது கட்டில் ஆடியது.

ஆட்டிலிருந்து மனிதனுக்கு வரும் புருசெல்லா என்ற கிருமியைப் பாடத்தில் படித்திருந்தேன், கண்ணால் பார்த்ததில்லை. அது சோம்பேறிக் கிருமி. மற்றவை ஓரிரு நாளில் வளர்ந்துவிடும். இதற்கு வாரங்கள் வேண்டும். எங்கள் கூடத்திலோ ரத்தப் புட்டிகளை இன்குபேட்டர் என்ற சூட்டுப்பெட்டியில் ஒரு வாரம் வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் வளராவிட்டால் கொட்டிவிடுவோம். இன்குபேட்டர் சின்னது, புட்டிகள் நிறைய. கருப்பையாவின் புட்டியை மட்டும் மூன்று, நான்கு வாரம் வைக்க டாக்டர் வேலுச்சாமியிடம் அனுமதி கேட்டேன்.

"மூணு வாரம் வெச்சீங்கன்னா கோழிக்குஞ்சுதானுங்க பொரிக்கும்" என்றார்.

ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை. மூலையில் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். தினமும் காலையில் மின்வெட்டு வந்ததா, சூடு குறைந்ததா என்று அவரே விசாரிப்பார். "குஞ்சு என்ன சொல்லுதுங்க?" என்பார். நான் புட்டியைச் சாய்த்துப் பார்த்துவிட்டு இல்லை என்று தலையாட்டுவேன். ஜெயராணி அந்த மூலைக்கு 'அடைகாக்குற எடம்' என்றே பெயர் வைத்துவிட்டார்.

மூன்றாவது வாரத்தில் புட்டி லேசாகக் கலங்கியது. அதிலிருந்து பிளேட்டில் பரப்பி, ஒரு ஜாடிக்குள் வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றி மூடினேன். வர்த்தி தானே அணையும். உள்ளே கரியமில வாயு கூடும். கூச்சக்காரக் கிருமிகளுக்கு அது பிடிக்கும். மூன்றாம் நாள் பிளேட்டில் பனித்துளிகளைப் போல மிகச் சின்னப் புள்ளிகள் தெரிந்தன.

"சார், குஞ்சு பொரிச்சிருச்சு."

அவர் வேகமாக எழுந்து வந்தார். பிளேட்டை என் கையிலிருந்து வாங்கி வெளிச்சத்தில் சாய்த்தார். "சார், இது புருசெல்லாவா இருந்தா மூச்சு வழியாப் போகும்னு போட்டிருக்கு" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் கட்டைவிரல் மூடியைத் தூக்கிவிட்டது. முப்பது வருடப் பழக்கத்தை ஒரு வாக்கியத்தால் நிறுத்த முடியாது. கண்ணை மூடி நன்றாக இழுத்தார். அவர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது.

"ஒரு வாசமும் இல்லீங்களே. வாசமில்லாத கிருமிய நம்பப்படாதுங்க."

சோதனைகளெல்லாம் முடிந்தன. புருசெல்லாவேதான். கருப்பையாவுக்குக் காசநோய் மாத்திரையை நிறுத்தி உரிய மருந்துகள் ஆறு வாரம் கொடுத்தார்கள். காய்ச்சல் நின்றது. இடையில் ஒருநாள் ராக்கம்மா கூடத்து வாசலுக்கு வந்து, "வாடை போயிருச்சு டாக்டரம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். எந்த ஆய்வறிக்கையும் எனக்கு அதைவிட நிம்மதி கொடுத்ததில்லை. விண்ணப்பம் மட்டும் பரிசீலனையில் இருந்தது. மே பிறந்துவிட்டது.

அந்த மாதம் டாக்டர் வேலுச்சாமி சாயங்காலங்களில் சால்வை போர்த்திக்கொண்டு உட்கார ஆரம்பித்தார். திண்டுக்கல் வெயிலில் சால்வை. கேட்டால் "ஜலதோசமுங்க" என்றார். சோறு இறங்கவில்லை. சட்டைக்காலர் கழுத்திலிருந்து விலகி நின்றது. கடைசியில் ஒருநாள் நாற்காலியிலிருந்து எழ முடியாமல் போய், எங்கள் மருத்துவமனையிலேயே படுத்தார். எக்ஸ்ரே எடுத்தார்கள். தெளிவாக ஒன்றும் இல்லை. காசநோய் மாத்திரை ஆரம்பிக்கலாமா என்று பேச்சு ஓடியது.

நான் பார்க்கப் போனபோது அவர் மனைவி கட்டிலுக்குக் கீழே கிடந்த துணிகளை அள்ளிக்கொண்டிருந்தார். டாக்டர் வேலுச்சாமி கையை நீட்டி ஒரு பனியனை மட்டும் வாங்கினார்.

"டாக்டரம்மா, கிட்ட வாங்க. இத மோந்து பாருங்க."

தோல் மண்டிக்காரர் மகள், கூச்சப்படவில்லை. மோந்தேன். மழையில் நனைந்து மக்கிய வைக்கோல்.

"நீங்க சொன்ன அந்த வைக்கப்போருங்க" என்றார் அவர். கண்ணில் காய்ச்சலையும் மீறி ஒரு திருப்தி இருந்தது. "பிளேட்டுல வாசமில்லாத பய, ஆளுக்குள்ள போனதும் வாசம் விடறான். ரத்தத்த எடுங்க. குஞ்சு பொரிக்கற வரைக்கும் வெய்யுங்க."

புட்டிக்காகக் காத்திருக்கவில்லை. ரத்தத்தைக் கிருமியோடு கலந்து பார்க்கும் சோதனையிலேயே மறுநாள் தெரிந்துவிட்டது. அன்றே மருந்து தொடங்கினார்கள். கருப்பையா வாயால் சோதித்தார், இவர் மூக்கால் சோதித்தார். இருவரையும் தொழில்தான் கட்டிலில் போட்டது. என் ரத்தத்தையும் ஜெயராணியின் ரத்தத்தையும் சோதித்தேன். இரண்டிலும் ஒன்றுமில்லை.

கண்காணிப்பாளரைப் போய்ப் பார்த்தேன். அவர் நியாயஸ்தர். "உங்க டிபார்ட்மெண்ட்ல டாக்டரே ரெண்டு பேர்தான். ஒருத்தர் படுத்துட்டார். நீங்களும் போனா நான் கதவைப் பூட்டிச் சாவிய யார்கிட்டக் குடுக்க? அவர் திரும்பி வந்து கையெழுத்துப் போடட்டும்" என்றார். அதற்கு மறுவார்த்தை கிடையாது. ஆறு வார மருந்து, அதன்பின் ஓய்வு. ஜூலை முதல் தேதி அதற்குள் வந்து போய்விடும். எடுத்து வைத்திருந்த பெட்டியைப் பிரித்துத் துணிகளை மறுபடி அலமாரியில் அடுக்கினேன். அத்தா பார்த்தும் பார்க்காததுபோல வெளியே போய்விட்டார்.

ஜூன் கடைசியில் ஒரு காலை, கூடத்து வாசலில் ஆட்டோ வந்து நின்றது. டாக்டர் வேலுச்சாமி இறங்கினார். சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது. கையில் உடல் தகுதிச் சான்று. மருத்துவ விடுப்பில் இருக்கும் துறைத் தலைவர் கையெழுத்திட்டால் அது செல்லாது. முதலில் தகுதிச் சான்று, அடுத்து பணியில் சேர்ந்த அறிக்கை, அதற்குப் பிறகுதான் மற்றவை. விதி அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தச் சான்றை வார்டு மருத்துவரிடமிருந்து எப்படிப் பிடுங்கினார் என்பது மட்டும் எனக்குத் தெரியாது.

"உக்காருங்க சார்."

"எங்கீங்க உக்கார? ரெண்டு பக்கமும் ஊசி."

நின்றுகொண்டே பணியில் சேர்ந்தார். நின்றுகொண்டே மைக்ராஸ்கோப்பை நகர்த்தி விண்ணப்பத்தை எடுத்தார். அதில் வட்டமாகத் தடம் பதிந்திருந்தது.

"சார், நீங்க இன்னும் தேறல. தனியா எப்படிப் பாப்பீங்க?"

"ஜெயராணி இருக்குதுங்க. ஒரு பெஞ்சப் போட்டுப் படுத்துக்கிட்டே பாக்கறனுங்க." பேனாவைத் திறந்தார். உடனே எழுதவில்லை. "அந்தத் தரகரு பொண்டாட்டி கேட்டுச்சுன்னு சொன்னீங்களே, அவளுக்கு ஏன் வரலீன்னு. ஆசுபத்திரில படுத்துக்கெடந்தப்ப அதயேதான் நெனச்சுக்கிட்டுக் கெடந்தனுங்க. பிளேட்டத் தொறந்தப்ப நீங்களும் பக்கத்துலதான் நின்னீங்க. எனக்கு வந்துச்சு. உங்களுக்கு ஏன் வரலீங்க?"

"தெரியல சார்."

"இது மோந்து பாத்துத் தெரியற கேள்வி இல்லீங்க. போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க."

பரிந்துரைத்துக் கையெழுத்திட்டார். ஜெயராணி அடுக்கி வைத்திருந்த பிளேட்டுகளில் ஒன்றை எடுத்தார். வெளிச்சத்தில் சாய்த்தார். கட்டைவிரல் மூடிக்குப் போனது. அங்கேயே நின்றது. ஒரு தடவை என்னைப் பார்த்துவிட்டு, மூடியைத் தூக்காமல் பிளேட்டைக் கீழே வைத்தார். அன்று சாயங்காலமே என்னை விடுவித்தார்கள்.

அந்த நிறுவனத்தில் அவர்கள் தலைப்பு எதுவும் கொடுக்க நான் விடவில்லை. பிற்பாடு ஊருக்கு வந்து, சம்மதம் வாங்கி, ஆட்டுச் சந்தைகளில் வேலை பார்ப்பவர்களின் ரத்தத்தைச் சோதித்தேன். ஒருநாளும் காய்ச்சலில் படுக்காத பலரின் ரத்தத்தில் அந்தக் கிருமி வந்து போன தடம் இருந்தது. ராக்கம்மாவுக்கும் இருந்தது. கருப்பையா சொன்னது கேலிதான் என்றாலும் பாதி உண்மை. எவ்வளவு கிருமி, எந்த வழியாக, எந்த உடம்பில் என்று என்னால் ஓரளவு பிரித்துச் சொல்ல முடிந்தது. முழுக்கச் சொல்ல முடியவில்லை. பட்டம் கொடுத்தார்கள்.

டாக்டர் வேலுச்சாமி அதற்குள் ஓய்வுபெற்றுத் தொப்பம்பட்டிப் பக்கம் தோப்போடு இருந்தார். போய்ச் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"ராக்கம்மா கதை ஆச்சுங்க. நம்ம கதை?"

"நீங்க நேரா இழுத்தீங்க, நான் ஒரு முழம் தள்ளி நின்னேன். என் ரத்தத்துல தடமே இல்ல. பாதி அதுதான் சார்."

"மீதி?"

"தெரியல."

காபி டம்ளரை மூக்கருகே கொண்டுபோய் ஒரு தடவை மோந்துவிட்டுக் குடித்தார். "முப்பது வருசம் அந்த நாற்காலில உக்காந்தும் இந்த வார்த்த எம்பட வாயில வந்ததில்லீங்க" என்றார். "நீங்க நல்லாவே சொல்றீங்க."

இவ்வளவையும் அந்த மூன்று பேரிடம் சொல்லி முடித்தேன். பையன்கள் மரியாதையாகக் கேட்டார்கள். இதில் ஒரு நிமிடத்துக்கு எதை எடுப்பது என்ற கவலை அவர்கள் முகத்தில் தெரிந்தது. "ரிஸ்க்கா இருந்தாலும் ரிவார்டிங் மேடம், இல்லையா?" என்றான் ஒருவன். அப்படியே போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

அந்தப் பெண் பாலசமுத்திரத்துக்காரி, பெயர் தேன்மொழி. பையன்கள் வண்டியை எடுக்கப் போய்விட்டார்கள். அவள் வாசலில் ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு, இன்னொன்றை மாட்டாமல் நின்றாள்.

"மேடம், சார் அந்த பிளேட்ட மோந்தாருங்கள்ல, அப்ப ரூம்ல ஃபேன் ஓடுச்சுங்களா?"

அந்த அறையில் மின்விசிறி ஒன்று இருந்தது. மெழுகுவர்த்தி ஏற்றும்போது நிறுத்துவோம். அது எங்கே தொங்கியது, யார் பக்கம் காற்று வீசும் என்பதெல்லாம் இப்போதும் கண்ணில் நிற்கிறது. அன்று மின்சாரம் இருந்ததா, விசிறி ஓடியதா? ஆய்வேட்டில் எங்கும் நான் அதை எழுதவில்லை. என் ரத்தத்தை எத்தனையோ விதமாகச் சோதித்த நான் இதைக் கேட்டுக்கொண்டதே இல்லை. டாக்டர் வேலுச்சாமி இருந்தால் கேட்கலாம். அவர் இல்லை. ஜெயராணி திருச்சியில் மகன் வீட்டில் இருக்கிறார்.

"தெரியலயேம்மா" என்றேன்.

தெருவில் ஹாரன் அடித்தார்கள். தேன்மொழி அந்தப் பக்கம் திரும்பி, "நீங்க போங்கப்பா, நான் பஸ்ல வந்துக்கறேன்" என்றாள். பிறகு மாட்டியிருந்த ஒரு செருப்பையும் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.